அவையில் அமர்வோர் அறம்: தொண்டமானின் அரசியல் வாழ்வை முன்வைத்து ஒரு நோக்கு

அநீதி இழைத்தவரோடு ஒரே அவையில் அமரலாமா என்னும் வினா அறநூல்களுக்குப் புதியதன்று. தனி மனிதன் ஒருவன் தன்பொருட்டு மட்டும் இவ்வினாவை எழுப்புவானாயின் அதற்கு விடை காண்பது அத்துணைக் கடினமுமன்று. தன்மானம் பெரிதெனக் கருதி அவன் எழுந்து செல்லலாம். அதனால் விளையும் இழப்பு அவனுக்கே உரியது. ஆனால், இலட்சக்கணக்கானோரின் பெயரால் அவையில் அமர்ந்திருப்பவன் எழுந்து செல்லும்போது இழப்பு அவனோடு நின்றுவிடுவதில்லை. அவனது மானத்தின் விலையை அவையின் படியைக்கூட மிதித்தறியாத மக்கள் கொடுக்க நேர்கின்றது. மாறாக, அவன் அமர்ந்தே இருப்பானாயின் அதனால் வரும் நன்மையும் அவர்களைச் சென்றடையலாம். ஆயினும் அந்த நன்மையின் பொருட்டு அவன் எவற்றைப் பேசாது விட்டான் என்பதும் கணக்கில் வரவேண்டியதே.

இவ்வினாவை வெறும் தருக்கமாக அன்றி ஒரு வாழ்வின் வழியாக ஆராய விழைவோர்க்குத் தொலைதூரம் செல்லவேண்டிய தேவையில்லை. கண்டியையும் கம்பளையையும் சூழ்ந்த மலைச்சரிவுகளிலிருந்து எழுந்த ஓர் அரசியல் வாழ்வே அதற்குப் போதுமானது. இலங்கைத் தொழிலாளர் காங்கிரசின் தலைவராக நீண்டகாலம் விளங்கிய சௌமியமூர்த்தி தொண்டமான் (1913–1999), தம் மக்களின் வாக்குரிமையைப் பறித்த கட்சியின் அமைச்சரவையிலேயே அமைச்சராக அமர்ந்தவர். அமர்ந்திருந்தபடியே அம்மக்களின் பிரசாவுரிமையிற் பெரும்பகுதியை மீட்டவர். அவரைச் சிலர் மலையகத்தின் மீட்பர் என்பர். வேறு சிலர் அதிகாரத்தோடு பேரம்பேசிய வணிகர் என்பர். இவ்விரு தீர்ப்புகளும் எளிதானவை. எளிதானவை என்பதனாலேயே ஐயத்துக்குரியவை. இணக்க அரசியல் எந்நிலையில் அறமாகின்றது, எந்நிலையில் அறமாகாது போகின்றது என்பதே இவண் ஆராயப்படவேண்டியது.

வாக்கிழந்த மக்கள்

தமிழ்நாட்டுக் கிராமங்களில் இலங்கை முழுவதற்குமே ஒருகாலத்தில் 'கண்டிச்சீமை' என்பது பெயராயிருந்தது. கடல் கடந்து வந்தோர்க்குத் தெரிந்திருந்த இலங்கை கண்டிமலைதான். 1820களில் கம்பளைப் பகுதியில் தொடங்கிய கோப்பிப் பயிர்ச்செய்கையும், 1867இல் கண்டிக்கு அப்பால் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கிய தேயிலைப் பயிர்ச்செய்கையும் இந்நாட்டின் பொருளாதாரத்தை மாற்றின. அம்மாற்றத்தைத் தம் கைகளாற் செய்தோர் இராமநாதபுரம், திருச்சி, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து வந்த ஏழை உழவர்களும் அவர்தம் பெண்டிருமாவர். 1946ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி அவர்தம் வழித்தோன்றல்கள் ஏறத்தாழ 7,80,000 பேர். அதாவது நாட்டின் சனத்தொகையில் நூற்றுக்கு 11.7 பங்கினர்.

தொண்டமானின் தந்தையார் கருப்பையா இம்மக்களோடு வந்து, கங்காணியாக உயர்ந்து, இறம்பொடையில் வேவண்டன் தோட்டத்தை உடைமையாக்கிக் கொண்டவர். மகன் தமிழ்நாட்டில் முனப்புதூரிற் பிறந்து, சிறுவயதில் இலங்கைக்கு வந்து, கம்பளை புனித அந்திரேயர் கல்லூரியிற் பயின்றார். ஆகவே தொழிலாளரின் தலைவராக வந்தவர் ஒரு தோட்டத்தின் முதலாளியாகவும் இருந்தார். இம்முரண்பாட்டை அவருடைய எதிராளிகள் ஒருபோதும் மறக்கவில்லை. எனினும் ஒருவர் எவ்விடத்திலிருந்து வந்தார் என்பதைக் கொண்டு அவருடைய அரசியலின் அறத்தை அளந்துவிட இயலாது. அவர் யாருக்காக எதனைச் செய்தார், அதற்கு யார் விலை கொடுத்தனர் என்பனவே அளவுகோல்களாதல் வேண்டும்.

நேருவின் வருகையையொட்டி 1939இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் தோன்றியது. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். தோட்டத் துரையின் சொல்லே சட்டமாக இருந்த மலைகளிலே தொழிற்சங்கம் என்பது உயிரைப் பணயமாக வைக்கும் செயலாக அன்று இருந்தது. காங்கிரசின் கம்பளைக் கிளையில் தம் பொதுவாழ்வைத் தொடங்கிய தொண்டமான், 1945இல் அவ்வியக்கத்தின் தலைவரானார். 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. நுவரெலியாவில் தொண்டமானும், தலவாக்கலையிற் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளையும், நாவலப்பிட்டியில் கே. இராஜலிங்கமும் தெரிவாகினர். வேறு பல தொகுதிகளிலே தோட்டத் தொழிலாளரின் வாக்குகள் இடதுசாரி வேட்பாளருக்கு வலுவூட்டின.

இவ்வெற்றியே தண்டனைக்கும் காரணமாயிற்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டம், அதே ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தற் சட்டத் திருத்தம் ஆகிய மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. முதற் சட்டம் அம்மக்களை நாடற்றோராக்கியது. இரண்டாஞ் சட்டம் நாட்டினராவதற்குரிய வாயிலை மிகக் குறுகலாக்கியது. மூன்றாஞ் சட்டம் வாக்கைப் பறித்தது. 1947இல் 7 பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள் 1952இல் ஒருவரைத்தானும் அனுப்ப இயலவில்லை.

தூய்மையின் விலை

அநீதியான சட்டத்தின் முன் மானமுள்ள ஓர் இயக்கம் முதலிற் செய்யக்கூடியது யாதோ அதனையே காங்கிரசும் செய்தது. பிறந்த மண்ணில் உரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டுமெனக் கேட்பதே இழிவு எனக் கருதி, விண்ணப்பங்களைப் பகிஷ்கரிக்கும்படி அது மக்களைக் கேட்டது. கொள்கையளவில் இதில் ஒரு குறையும் காண்பதற்கில்லை. ஆயின், விண்ணப்பத்துக்கு விதிக்கப்பட்ட இரண்டாண்டுக் காலம் 1951 ஆகஸ்டில் முடிவடைய இருந்தது. பிற்பாடு காங்கிரஸ் தன் நிலையை மாற்றிக்கொண்டு மக்களை விண்ணப்பிக்கச் சொன்னபோது காலத்தின் பெரும்பகுதி கழிந்துவிட்டது. எழுத்தறியாத தொழிலாளர், பிறப்புச் சான்றும் வதிவுச் சான்றும் தேடித் தோட்டத்துக் காரியாலயங்களிலும் கச்சேரிகளிலும் அலைந்தனர். 8 இலட்சத்துக்கு மேற்பட்டோரின் பெயர்கள் விண்ணப்பங்களில் இடம்பெற்றன; முடிவில் ஏற்கப்பட்டோர் ஏறத்தாழ 1,34,000 பேர் மட்டுமே.

இந்த நிராகரிப்புக்குக் காரணம் பகிஷ்கரிப்பு அன்று. சட்டமும் அதனை நடைமுறைப்படுத்தியோரின் மனப்பாங்குமே முதற் காரணங்கள். பழி அநீதி இழைத்தவரையே சாரும். எனினும், கொள்கைத் தூய்மைக்கு ஒரு விலை உண்டு என்பதையும், அவ்விலையைத் தீர்மானம் நிறைவேற்றியோர் கொடுப்பதில்லை என்பதையும் இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது. அதிகாரத்தோடு ஒட்டுறவே வேண்டாமென்று தீர்மானித்த தலைவருக்குத் தோட்டம் இருந்தது, வீடு இருந்தது. லயத்து அறையிலே வாழ்ந்தவருக்கு ஒரு காகிதமும் இல்லாது போயிற்று.

1952இல் தொண்டமானும் அவர்தம் தோழர்களும் ஏறத்தாழ 140 நாள் சத்தியாக்கிரகம் நடத்தினர். அறவழியில் அது உயர்ந்த போராட்டம். ஆனால், சத்தியாக்கிரகம் எதிராளியின் மனச்சான்றையும், அம்மனச்சான்றைத் தொடக்கூடிய பொதுமக்களின் கருத்தையும் நம்பி நிற்பது. வாக்கற்றோரின் துன்பம் வாக்குடையோரின் செவியில் ஏறவில்லை. காந்தியடிகளுக்கு இந்தியாவிற் பெரும்பான்மை மக்கள் பின்னால் நின்றனர். மலையக மக்களோ சிதறி வாழ்ந்த சிறுபான்மையினர்.

இத்தோல்விக்குப்பின் தொண்டமான் வேறு வழியை நாடினார். 1960இல் சிறிமாவோ பண்டாரநாயக்க அரசாங்கம் அவரை நியமன உறுப்பினராக்கியது. ஆனால் அந்த ஆசனத்தின் வலிமை யாதென்பது நான்கே ஆண்டுகளில் வெளிப்பட்டது. 1964 ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் எனப் பங்கிடப்பட்டனர். எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொள்வதென 1974இல் முடிவாயிற்று. அம்மக்களின் விருப்பம் கேட்கப்படவில்லை. பாராளுமன்றத்தில் அவர்கள் பெயரால் அமர்ந்திருந்தவர் எதிர்த்தும் பயனில்லை. பின்னைய ஆண்டுகளிற் கண்டிப் புகையிரத நிலையத்திலும் மலைநாட்டின் ஏனைய நிலையங்களிலும் பிரிவின் அழுகுரல் எழுந்தது. தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரம் சென்ற கப்பல்களில் ஒரே குடும்பத்தின் ஒரு பாதி ஏறிற்று; மறுபாதி இங்கேயே நின்றது.

ஆகவே வரலாறு இரு பாடங்களை ஒருசேரக் கற்பிக்கின்றது. வெளியே நின்று மறுத்தல் மக்களைக் காக்கவில்லை. உள்ளே அமர்ந்திருத்தலும், அது பிறர் இரங்கித் தந்த ஆசனமாக இருந்தபோது, மக்களைக் காக்கவில்லை.

இரு அறங்கள்

ஜேர்மானிய அறிஞர் மக்ஸ் வெபர் 1919இல் ஆற்றிய உரையொன்றில் அரசியல்வாதியின் முன் நிற்கும் இரு அறங்களை வேறுபடுத்திக் காட்டினார். ஒன்று, கொள்கையின் தூய்மையைக் காத்தலே கடமை, விளைவு நம் பொறுப்பன்று எனக் கொள்ளும் அறம். மற்றையது, தன் செயலால் விளையக்கூடியவற்றை முன்னுணர்ந்து அவற்றுக்குப் பொறுப்பேற்கும் அறம். இரண்டும் ஒன்றையொன்று அழிப்பனவல்ல. இரண்டும் கூடியவிடத்தேதான் உண்மையான அரசியல்வாதி தோன்றுகின்றான் என்பதே வெபரின் முடிபு. வள்ளுவர் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் எனத் தனித்தனி அதிகாரங்கள் வகுத்ததும் இவ்வகையில் நோக்கத்தக்கது. தன் வலியையும் காலத்தையும் இடத்தையும் அறியாது செய்யப்படும் நற்செயலும் தீங்காய் முடியக்கூடும் என்பதை அவ்வைப்புமுறையே உணர்த்துகின்றது.

ஆயினும் விளைவு ஒன்றையே நோக்கும் அறம் எதனையும் நியாயப்படுத்திவிடக்கூடிய ஆபத்து உடையது. இவ்விடத்திற் பாரதக் கதை துணைபுரிகின்றது. பாஞ்சாலி இழுத்து வரப்பட்ட அவையில் வீடுமனும் இருந்தான், விதுரனும் இருந்தான். இருவரும் கௌரவரின் அவையிலே அமர்ந்தவர்களே. அமர்ந்திருந்தமையால் மட்டும் இருவரையும் ஒரே தராசில் வைத்துலகம் நிறுப்பதில்லை. வீடுமன் தருமத்தின் நுட்பத்தைப் பேசிக் கைவிரித்தான். விதுரன் அரசனின் முகத்துக்கு நேரே அநீதியை அநீதியென்றான். அவையில் அமர்தல் குற்றமன்று. அவையில் அமர்ந்து வாய் பேசாதிருத்தலே குற்றம் என்பது அக்கதை உணர்த்தும் பாடம். ஆனால் இன்னொன்றும் உண்டு. விதுரன் பேசியதாற் பாஞ்சாலியின் துயர் நீங்கவில்லை. அவனிடம் சொல் இருந்தது. அச்சொல்லைக் கேட்கச் செய்யும் வலிமை இருக்கவில்லை. எனவே அநீதியாளரின் அவையில் அமர்வதற்கு இரு நிபந்தனைகள் வேண்டுமெனலாம். ஒன்று, பேசும் துணிவு. மற்றையது, அப்பேச்சைப் புறக்கணிக்க இயலாதவாறு அவைக்கு வெளியே உள்ள வலிமை.

நாட்டின் அரசியலிலேயே இதற்கோர் ஒப்பீடு உண்டு. ஜீ. ஜீ. பொன்னம்பலம் 1948 செப்டம்பரில் டீ. எஸ். சேனாநாயக்காவின் அமைச்சரவையிற் சேர்ந்தார். மலையகத் தமிழரின் வாக்கைப் பறித்த 1949ஆம் ஆண்டுத் திருத்தம் அவர் அமைச்சராயிருந்த காலத்திலேயே நிறைவேறிற்று. மலையக மக்களின் உரிமைப் பிரச்சினையை முக்கிய காரணங்களுள் ஒன்றாகக் கொண்டு பிரிந்த செல்வநாயகம் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். பொன்னம்பலத்தின் இணக்கத்துக்கு விலை கொடுத்தோர் அவரைத் தெரிவுசெய்த மக்களல்லர். அவருக்கு வாக்களித்திராத மலைநாட்டு மக்கள். பிறருடைய உரிமையை விலையாக வைத்துச் செய்யப்படும் இணக்கம் அறமாகாது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டியதில்லை. தொண்டமானின் இணக்கத்தையும் இதே அளவுகோலால் அளத்தல் நேர்மையாகும்.

அமைச்சரவையும் கொழுந்து மலையும்

1970 முதல் 1977 வரை தொண்டமான் பாராளுமன்றத்துக்கு வெளியே இருந்தார். அவ்வாண்டுகள் தோட்டமக்களுக்குக் கொடியவை. 1973–74இல் உணவுத் தட்டுப்பாட்டினாற் பட்டினி தலைவிரித்தாடியது. நிலச் சீர்திருத்தத்தின் பெயரால் தோட்டங்கள் அரசுடைமையானபோது பல இடங்களில் தொழிலாளர் வெளியேற்றப்பட்டனர். தோட்டக் காணிகளைப் பகிர்ந்தளிக்கும் முயற்சியை எதிர்த்த போராட்டத்தில், 1977 மே மாதம் டெவன் தோட்டத்துச் சிவனு லெட்சுமணன் சுட்டுக் கொல்லப்பட்டார். முல்லோயாக் கோவிந்தனுக்கும் சிவனு லெட்சுமணனுக்கும் இடையே 37 ஆண்டுகள் கழிந்திருந்தன. நாடு சுதந்திரம் பெற்றிருந்தது. ஆயினும் தொழிலாளியின் நெஞ்சுக்கும் துப்பாக்கிக்கும் இடைப்பட்ட தூரம் கூடவில்லை.

1972இல் வடகிழக்குத் தலைவர்களோடு தமிழர் ஐக்கிய முன்னணியில் இணைந்திருந்த தொண்டமான், 1976இல் தனிநாட்டுக் கோரிக்கை எழுந்தபோது அதிலிருந்து விலகி நின்றார். அவருடைய மக்கள் சிங்களக் கிராமங்களின் நடுவே, கண்டியிலும் மாத்தளையிலும் பதுளையிலும் நுவரெலியாவிலும் பரந்து வாழ்ந்தவர்கள். அவர்களுக்கெனத் தனியாக வரைந்துகொள்ளக்கூடிய எல்லை எதுவும் இல்லை. 1977 தேர்தலில், நுவரெலியா–மஸ்கெலியா மூவுறுப்பினர் தொகுதியில் அவர் மூன்றாம் உறுப்பினராகத் தெரிவானார். 1960இற் பெற்ற ஆசனம் பிறர் தந்தது. இது ஒப்பந்தத்தின் வழியாகப் படிப்படியாக வாக்குரிமை பெற்ற மக்கள் தந்தது. அவ்வேறுபாடு பின்னர் நிகழ்ந்த யாவற்றுக்கும் அடிப்படையாயிற்று.

1978 செப்டம்பரில் அவர் ஜே. ஆர். ஜயவர்த்தனாவின் அமைச்சரவையிற் சேர்ந்தார். அதே ஆண்டின் அரசியலமைப்பு, பரம்பரைப் பிரசை, பதிவுப் பிரசை என்னும் வேறுபாட்டை நீக்கிற்று. அமைச்சராயிருந்துகொண்டே 1984 ஏப்ரலில் அவரது சங்கம் பெருந்தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் சமசம்பளம் என்பது அதன் பயன்களுள் முதன்மையானது. கொழுந்து பறிப்போரிற் பெரும்பாலோர் பெண்களே என்பதை நினைவிற் கொண்டால் இதன் கனம் விளங்கும். 1986ஆம் ஆண்டு தைப்பொங்கல் நாளில், நாடற்றோர்க்குப் பிரசாவுரிமை வேண்டி பிரார்த்தனை இயக்கம் தொடங்கிற்று. காலை வேளையில் தொழிலாளர் கொழுந்து மலைக்குச் செல்லாது கோயில்களில் கூடி வழிபட்டனர். அது வேலைநிறுத்தம் எனப் பெயரிடப்படாத வேலைநிறுத்தம். சில நாள்களிலேயே அரசாங்கம் இணங்கிற்று. 1986ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் ஏறத்தாழ 94,000 பேருக்கும் அவர்தம் சந்ததியினருக்கும் உரிமைக்கு வழி பிறந்தது. 1988ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வழியை மேலும் எளிதாக்கியது.

1948இல் ஐக்கிய தேசியக் கட்சி பூட்டிய கதவை 1986இல் அதே கட்சியே திறக்க நேர்ந்தது. அமைச்சரின் நாவன்மை மட்டும் இதனைச் செய்யவில்லை. வெறும் வேலைநிறுத்தம் மட்டும் செய்யவுமில்லை. நாட்டின் அந்நியச் செலாவணியிற் பெரும்பங்கு தேயிலையிலிருந்து வந்தது. அத்தேயிலை பெண்களின் விரல்களிலிருந்து வந்தது. அவ்விரல்கள் ஓய்ந்தபோது அமைச்சரவையில் ஒரு குரலுக்கு வலு வந்தது. விதுரனுக்கு இல்லாதிருந்த வலிமை இதுவே. எனவே தொண்டமானின் இணக்கம் வெற்றிபெற்றமைக்குக் காரணம் அவர் அதிகாரத்துக்கு அருகே இருந்தமை மட்டுமன்று. அதிகாரத்தை நிறுத்திவைக்கக்கூடிய உழைப்பாளரின் ஒற்றுமை அவர் பின்னால் இருந்தமையே.

பேசாது விடப்பட்டவை

இணக்கத்தின் வரவேட்டை மட்டும் காட்டிச் செலவேட்டை மறைத்தல் ஆய்வாகாது. 1977 ஆகஸ்டிலும் 1981இலும் மலையகத் தமிழர் தாக்கப்பட்டனர். 1983 ஜூலையில் கண்டி நகரத்திலும் தமிழரின் கடைகள் எரிந்தன. நாடெங்கும் தமிழர் உயிரிழந்தும் அகதிகளாகியும் நின்ற அவ்வேளையில் தொண்டமான் அமைச்சரவையிலேயே இருந்தார். வெளியேறியிருந்தால் யாது நிகழ்ந்திருக்கும் என்பது ஊகம். மலைநாட்டிற் காப்பற்றிருந்த மக்களுக்கு அவருடைய பதவியே ஒரு சிறு குடையாக இருந்தது என வாதிடுவோர் உளர். 1986இன் வெற்றி அவர் வெளியேறாமையின் பயனே என்பாரும் உளர். இவ்வாதங்கள் வலுவற்றவையல்ல. எனினும், வன்முறையைத் தடுக்கத் தவறிய அரசாங்கத்துக்கு ஒரு தமிழ் அமைச்சரின் இருப்பு உலகின் முன் மதிப்பைத் தேடித்தந்தது என்பதும் மறுக்கற்பாலதன்று. அவையில் அமர்வோன் தன் மக்களுக்குக் குடையாகும் அதேவேளை அவைக்குத் திரையாகவும் ஆகின்றான். இரண்டில் எது பெரிது என்பதை ஒவ்வொரு நாளும் புதிதாக நிறுத்துப் பார்க்கவேண்டியவன் அவனே.

இன்னொரு செலவு அத்துணை வெளிப்படையானதன்று. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம் தொண்டமான் அமைச்சராயிருந்த அரசாங்கத்தின் சட்டமே. அச்சட்டத்தின் ஏற்பாடொன்றினாற் பிரதேச சபைகளின் நிதி தோட்டக் குடியிருப்புகளுக்குச் செல்வதற்குத் தடை ஏற்பட்டது. வாக்குரிமை பெற்ற தோட்டத் தொழிலாளி தன் வாக்கால் அமைந்த சபையிடமிருந்து ஒரு பாதையையோ குடிநீர்க் குழாயையோ பெற இயலாதிருந்தான். இத்தடை 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தாலேயே நீக்கப்பட்டது. பிரசாவுரிமைச் சட்டத்துக்கு அடுத்த ஆண்டிலேயே வந்த இக்குறை, பெரிய வாயிலை வென்றோர் சிறிய வாயில்களைக் காணத் தவறினர் என்பதைக் காட்டுகின்றது. மக்களின் அன்றாட வாழ்வு கழிவதோ சிறிய வாயில்களினூடாகத்தான்.

1994இல் அரசாங்கம் மாறிற்று. ஐக்கிய தேசியக் கட்சியோடு சேர்ந்து அத்தேர்தலிற் போட்டியிட்ட தொண்டமான், சந்திரிகா குமாரதுங்கவின் அரசாங்கத்திலும் அமைச்சரானார். 1999 ஒக்டோபரில் மறையும்வரை அப்பதவியில் இருந்தார். எந்தக் கட்சி ஆண்டாலும் அமைச்சரவையில் ஓர் ஆசனம் என்பது அக்காலத்தில் ஏறத்தாழ ஒரு கொள்கையாகவே உருப்பெற்றுவிட்டது. வழியாக இருந்த ஆசனம் மெல்ல மெல்ல ஊராகிவிட்டது எனலாம். அவருக்குப்பின் தலைமை பேரர் ஆறுமுகன் தொண்டமானிடமும், 2020இல் அவர் மறைந்தபின் அவருடைய மகன் ஜீவனிடமும் அரசியற் பொறுப்பு சென்றது. தலைமைக்குத் தகுதியுடையோர் ஒரு குடும்பத்திற் பிறத்தல் குற்றமன்று. ஆயினும், ஐந்து தலைமுறையாகக் கொழுந்து பறித்த பெண்களுள் ஒருத்தி அச்சங்கத்தின் தலைவியாகவில்லை என்பது சிந்தனைக்குரியது. சமசம்பளம் பெற்றோர் சமத்தலைமை பெறவில்லை.

இணக்கத்தின் எல்லை

இவ்வளவும் நோக்குமிடத்து ஒரு முடிபு துலங்குகின்றது. வாக்கற்ற மக்களின் தலைவனுக்கு, வாக்குள்ள மக்களின் தலைவனுக்கு இல்லாத ஓர் உரிமை உண்டு. அநீதி இழைத்தவரோடும் அமர்ந்து பேசும் உரிமை அது. வாக்குடையோர் அரசாங்கத்தைத் தேர்தலில் தண்டிக்கலாம். ஐந்தாண்டுக்கு ஒருமுறையேனும் தம் சினத்தைப் பதிவுசெய்யலாம். ஆகவே அவர்தம் தலைவர் மறுத்து வெளியேறுதல் பொருளுடையது. வாக்கற்றோர்க்கு அவ்வாயில் இல்லை. அவர்கள் பெயரால் அவர்தம் தலைவர் கடைப்பிடிக்கும் தூய்மை, அவர்களால் தாங்கவியலாத ஆடம்பரம். 1951இன் விண்ணப்பங்களும் 1964இன் ஒப்பந்தமும் இதற்குச் சான்று. இவ்வகையில் 1978இல் தொண்டமான் எடுத்த முடிவு அறத்துக்கு முரணானதன்று. அது பொறுப்பின் அறம்.

ஆனால், இவ்வுரிமை எந்த இன்மையிலிருந்து பிறந்ததோ, அந்த இன்மை நீங்கும்போது உரிமையும் நீங்கவேண்டும். வாக்கில்லாமையே இணக்கத்தை நியாயப்படுத்தியதெனின், வாக்கு வந்தபின் அதே இணக்கம் அதே நியாயத்தைக் கோர இயலாது. இணக்க அரசியலின் நியாயம் அதன் வெற்றியோடு முடிவடைகின்றது. அதன்பின்னரும் அதனைத் தொடர்வதாயின் புதிய நியாயம் வேண்டும். ஆண்டுதோறும் மக்கள் முன் கணக்குக் காட்டவேண்டும். இவ்வெல்லையை உணராத இடத்தில், மக்களின் வலிமையால் ஆசனம் பெற்ற தலைமை, ஆசனத்தின் தயவால் மக்களுக்கு நன்மை வழங்கும் தலைமையாக மாறுகின்றது. முன்னையதில் தொழிலாளி கொடுப்பவன்; பின்னையதில் அவன் வாங்குபவன். முன்னையதிற் கோவிந்தனும் இலெட்சுமணனும் இருந்தனர். பின்னையதில் விண்ணப்பக் கடிதத்தோடு அமைச்சரின் வாயிலிற் காத்திருப்போரே உளர்.

இதனாலேயே இணக்கத் தலைமையை அளக்க இரு பழைய அளவுகோல்களும் போதா. கைகள் அழுக்குப்படவில்லையா என்பது ஒன்று. எவ்வளவு பெற்றுத் தந்தார் என்பது மற்றொன்று. மூன்றாவதாக ஒரு வினா வேண்டும். அவர் இல்லாதபோது அம்மக்கள் தாமே நிற்கக்கூடியவராயினரா? இவ்வினாவுக்கு மலையகத்தின் விடை கலப்பானது. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின் நாடற்றோர் என்னும் நிலை பெரும்பாலும் நீங்கிற்று. பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி தோன்றி ஆசிரியர்களை உருவாக்கியது. தோட்டத்துப் பிள்ளைகள் பேராதனையிலும் ஏனைய பல்கலைக்கழகங்களிலும் பயில்கின்றனர். இவை சொந்தக்கால். ஆயின், நாட்சம்பளம் 1,000 ரூபாவாக வேண்டுமெனப் பல ஆண்டுகளாக எழுந்த கோரிக்கை, 2021இல் சம்பள நிர்ணய சபையின் மூலமே நிறைவேறிற்று. தொழிற்சங்கங்களின் கூட்டு ஒப்பந்தத்தால் அன்று. 1986இல் அரசாங்கத்தையே இணங்கவைத்த ஒற்றுமை, பிற்காலத்திற் கம்பனிகளை இணங்கவைக்கப் போதவில்லை. 2023இல் மலையக மக்களின் வருகைக்கு 200 ஆண்டுகள் நிறைந்ததை நாடெங்கும் நினைவுகூர்ந்தபோதும், காணியுரிமையும் தனிவீடும் கோரிக்கைகளாகவே ஒலித்தன.

தொண்டமானைப் போற்றுவோர் அவரது ஆசனத்தைப் போற்றுதல் ஆகாது. அவ்வாசனத்துக்கு வலுவூட்டிய கைகளைப் போற்றுதல் வேண்டும். அவரைத் தூற்றுவோர் அவர் அமர்ந்தமையைத் தூற்றுதல் ஆகாது. எழவேண்டிய காலம் வந்ததா என்னும் வினாவை அவருக்குப் பின்வந்தோரிடம் எழுப்புதல் வேண்டும். கண்டி மாவட்டத்தின் தோட்டங்களிலே மலையகத் தமிழர் நுவரெலியாவிற்போலத் திரண்டு வாழ்வோரல்லர், சிதறிய சிறுபான்மையினர். இங்கே இணக்கத்தின் தேவையும் பெரிது. அதன் ஆபத்தும் பெரிது. அயற்கிராமத்தவரோடு கைகோத்து வாழவேண்டியோர்க்கு வெறுப்பு அரசியல் உதவாது. எவர் ஆண்டாலும் அவர் பின்செல்லும் அரசியலும் உதவாது. அவையில் அமர்வோனை அனுப்பியவர்கள் தாமே என்பதையும், அவனைத் திருப்பி அழைக்கும் உரிமையும் தமக்கே உண்டு என்பதையும் உணர்ந்த மக்களே அவனது இணக்கத்தை அறமாக்க வல்லவர்.